வீட்டு மொழியில் மேடைப் பேச்சு: பள்ளியில் எப்படி நடத்துவது?

#1 பனியன்நகர் டீச்சர் | பிப்ரவரி 2

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பிப்ரவரி 21 தாய்மொழி நாள் அன்று காலை ப்ரேயரில் பிள்ளைகள் அவரவர் வீட்டில் பேசும் மொழியில் மேடையேறிப் பேச வேண்டும் என்று எச்.எம். ஆசைப்படுகிறார். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். உள்ளூர்ப் பிள்ளைகளிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் எல்லாம் உண்டு. அது போக ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். வழக்கமாகப் பேச்சுப் போட்டிக்கு எப்படித் தயார் செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்போம், பிள்ளை உருப்போடும், "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று ஆரம்பித்து, சொல்லிக் கொடுத்த இடத்தில் கையை உயர்த்தி, சொல்லிக் கொடுத்த இடத்தில் நிறுத்தும். ஒடியாவில் நான் என்னத்தை எழுதிக் கொடுப்பது?

பரிசு வைக்கலாமா, எத்தனை நிமிடம், யார் மொழிபெயர்ப்பது, எதுவும் புரியவில்லை. நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுங்குடி | பிப்ரவரி 2

எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் டீச்சர் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல விஷயம். அதை விட்டுவிடாதீர்கள்.

நான் மதுரைக்காரன், வீட்டில் சௌராஷ்டிரம். 2011 கணக்கெடுப்புப்படி அதைப் பேசுகிறவர்கள் நாட்டில் இரண்டரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. தனி எழுத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டி.எம். ராமராய் அதைச் சீர்செய்து புத்தகங்கள் அச்சிட்டார். 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் அதைத் தடங்கல் இல்லாமல் படிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எழுத வேண்டுமென்றால், தமிழில் எழுத்து இல்லாத ஒலிகளுக்குத் தமிழ் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதிக்கொள்வோம். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியில் 'கட்டுரை' என்ற ஒன்றே பழக்கமில்லை. பேச்சு மட்டும்தான்.

ஒரு பள்ளி விழாவில் என் அண்ணன் மகளைச் சௌராஷ்டிரத்தில் பேசச் சொன்னார்கள். முதலில் கொடுத்த தலைப்பு 'என் தாய்மொழியின் சிறப்பு'. அவள் தமிழில் யோசித்து, தமிழ்ப் பேச்சுப் போட்டி நடையை அப்படியே அதில் கொட்டினாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அப்புறம் அவளுடைய பாட்டி, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைச் சொல்லச் சொன்னார். ஒரு துண்டு வெள்ளைத் துணி, நூல் சுற்றிய குச்சி. மேடையில் உட்கார்ந்து, நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்கு நகர்ந்துகொண்டே பேசினாள். நடுவில் பேச்சு தடைப்பட்ட இடத்தில் கை நிற்காமல் ஓடியது, நாலாவது முடிச்சில் பேச்சு தானாகத் திரும்பி வந்தது. மொழி தெரியாதவர்களும் கடைசி வரை பார்த்தார்கள்.

மொழியைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். அந்த மொழியில் வேறு எதையாவது பேசச் சொல்லுங்கள்.

#3 தாளமுத்து தெரு | பிப்ரவரி 3

நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஜனவரி 25இல் மொழிப்போர் தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்திவிட்டு, பிப்ரவரி 21இல் 'எல்லா மொழியும்' என்ற பெயரில் அரசுப் பள்ளி மேடையில் இந்தியை ஏற்றிவிடாதீர்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் இந்தியில்தான் பேசப்போகிறார்கள். பின்வாசல் வழி என்பது இப்படித்தான் திறக்கும்.

#4 ரூர்கேலா ரிட்டர்ன் | பிப்ரவரி 3

#3, அந்தப் பிள்ளைகள் இந்தியில் பேசினால் டீச்சர் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஒடிசாவில் வேலை பார்த்தவன் நான். பீகார்ப் பிள்ளை என்றால் வீட்டில் போஜ்புரியோ மகஹியோ மைதிலியோ இருக்கும். ஒடிசாவில் மயூர்பஞ்ச் என்றால் சந்தாலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சுந்தர்கட், ஜார்க்கண்ட் பக்கம் என்றால் முண்டாரி, குடுக். கந்தமாலிலிருந்து வந்திருந்தால் குயி. இதில் குடுக்கும் குயியும் திராவிட மொழிகள், நம் பங்காளிகள். அவர்களைக் கூட்டி வந்து 'இந்திக்காரப் பசங்க' என்று பெயர் வைத்திருக்கிறோம். எமிஸில், அதாவது மாணவர் விவரம் ஏற்றும் அரசுக் கணினிப் பதிவில், தாய்மொழிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் டீச்சர். சேர்க்கையின்போது அப்பா இந்தியில் பதில் சொல்லியிருப்பார், அதையே எழுதியிருப்பார்கள்.

மைதிலியும் சந்தாலியும் 2003இல்தான் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணைக்கு, அதாவது அங்கீகரித்த மொழிகளின் பட்டியலுக்கு, வந்தன. சந்தாலிக்கு ஓல் சிக்கி என்று சொந்த எழுத்து, 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கியது. போஜ்புரிக்கு இன்றைக்கும் அட்டவணையில் இடமில்லை. இந்தியால் முதலில் அடி வாங்கியது இந்த மொழிகள்தான். இவற்றுக்கு மேடை கொடுப்பது தமிழ்நாட்டு அரசியலுக்கு எதிரானது என்று எனக்குத் தோன்றவில்லை, அதே அரசியல்தான். பிப்ரவரி 21ஏ அப்படிப்பட்ட நாள்தானே. 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த நாள். யுனெஸ்கோ 1999இல் அதை எல்லோருக்குமான நாளாக்கியது.

#5 தாளமுத்து தெரு | பிப்ரவரி 3

போஜ்புரியில் பேசினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தியில் பேசினால் உண்டு. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

#6 மூணாம் பீரியட் | பிப்ரவரி 3

நீங்கள் ஒடியா, சந்தாலி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் வராந்தாவில் தமிழ் பேசினால் பெயர் எழுதி வைக்க ஒரு லீடர். நாங்கள் 21ஆம் தேதி தமிழில் ஒரு பேச்சு வைத்தாலே புரட்சி. சும்மா வயிற்றெரிச்சலுக்குச் சொன்னேன், தொடருங்கள்.

#7 வடக்குத் தெரு | பிப்ரவரி 4

டீச்சர், யாரும் சொல்லாத ஒன்று. நானும் கொங்குப் பக்கம்தான். அரசுப் பள்ளியில் படித்தேன், வீட்டில் தெலுங்கு.

நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை என்றால் பெரும்பாலும் ஒன்று நாயக்கர் வீடாக இருக்கும், இல்லையென்றால் அருந்ததியர் வீடாக இருக்கும். எந்தத் தெலுங்கு என்று ஊருக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தால் என் அக்காவிடம்கூடத் தமிழில்தான் பேசுவேன். அம்மா மதியம் சாப்பாடு கொண்டு வந்து தெலுங்கில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன். மொழி மேல் வெறுப்பு கிடையாது. அந்த ஒரு வரியில் நான் எந்தத் தெரு என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அதனால் "தெலுங்கு பேசுகிறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒடிசாப் பிள்ளைக்கு அந்த மேடை பெருமையாக இருக்கலாம். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி முடியும். விரும்பி வருகிறவர்கள் மட்டும் வரட்டும். முதலில் ஆசிரியர்களில் யாராவது தன் வீட்டு மொழியில் பேசட்டும். தமிழ்ப் பிள்ளைகளும் பாடப் புத்தகத் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழில் பேசட்டும். எல்லோரும் கலந்து ஏறினால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

#8 பனியன்நகர் டீச்சர் | பிப்ரவரி 4

#7க்கு மிகவும் நன்றி. இது முன்கூட்டியே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. மொழிவாரியாகப் பட்டியல் எடுக்கச் சொல்லி எச்.எம். கேட்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'எங்க வீட்டுப் பேச்சு' என்று பெயர் மாற்றியாயிற்று. கொங்குத் தமிழுக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் பி.டி. சாருக்கு வீட்டில் தெலுங்கு, அவரே முதலில் பேசுவதாகச் சொல்லிவிட்டார்.

பரிசு விஷயம் மட்டும் இழுபறியில் இருக்கிறது. பரிசு இல்லையென்றால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்கிறார் எச்.எம்.

#9 ஆக்லாந்து அம்மா | பிப்ரவரி 5

போட்டியாக வைத்தும் நன்றாக நடக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். நாங்கள் நியூசிலாந்தில் இருக்கிறோம். இங்கே மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 'ஙா மானு கோரெரோ' என்று நாடளவில் ஒரு பேச்சுப் போட்டி வருடா வருடம் நடக்கிறது. இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் ஒரு பிரிவு, ஆங்கிலத்தில் ஒரு பிரிவு, இரண்டிலும் பெரியவர், சிறியவர் என்று தனித்தனி.

அதன் கதை வேடிக்கையானது. 1965இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் பெர்னார்ட் ஃபெர்குசன் கோப்பை கொடுத்துத் தொடங்கியது, மாவோரிப் பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும் என்பதற்காக! அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் மாவோரி பேசினால் அடி விழுந்த நாடு இது. 1867 சட்டமே அவர்களுடைய பள்ளிகளை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னது. மாவோரி மொழியிலேயே பேசும் பிரிவு 1977இல்தான் வந்தது, பெய் தே ஹுரிநுய் ஜோன்ஸ் என்ற அறிஞர் பெயரில். மொழிக்கு ஆட்சி மொழித் தகுதி 1987இல். அதாவது சட்டம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே பள்ளிப் பிள்ளைகள் மேடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் பேச்சுப் போட்டியோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம். ஒன்று, பிள்ளை பேசி முடித்ததும் அவனுடைய பள்ளிக் கூட்டம் எழுந்து நின்று அவனுக்காக ஒரு பாட்டுப் பாடும். பேச்சு அவன் ஒருத்தனுடையது இல்லை என்பதுபோல. இரண்டாவது, தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை. பெபெஹா என்பார்கள். என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் கூட்டம் இது, கடைசியில்தான் என் பெயர். இங்கே பள்ளிகளில் வேற்றினப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித் தருகிறார்கள். என் மகள் தாமிரபரணியையும் பொதிகையையும் வைத்துச் சொல்லிக்கொண்டாள்.

திருப்பூர்ப் பிள்ளைகள் நொய்யலைச் சொல்லலாம். ஒடிசாப் பிள்ளை ஊர் ஆற்றையும் நொய்யலையும் சேர்த்தே சொல்லலாம்.

#10 வட்டார நடுவர் | பிப்ரவரி 5

பல வருடம் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நியூசிலாந்தில் போட்டி சரியாக வருகிறதென்றால், நடுவருக்கும் அந்த மொழி தெரியும், ஒரு பிரிவில் எல்லாப் பிள்ளையும் ஒரே மொழியில் பேசுகிறது. இங்கே மைதிலிக்கும் கொங்குத் தமிழுக்கும் எப்படி மதிப்பெண் போடுவீர்கள்? 'உச்சரிப்பு 10, கருத்து 10, தோரணை 5' என்ற தாளைக் கையில் கொடுத்தால் எனக்குப் புரிந்த பிள்ளைக்குத்தான் நான் அதிகம் போடுவேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கடைசியில் தோரணைக்குப் பரிசு போகும், அதாவது ஏற்கெனவே மேடை பழகிய பிள்ளைக்கு.

போட்டியே வேண்டாம் என்பவனும் இல்லை நான். தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டிகளில் பரிசு வாங்கியதால் மேல்படிப்புக்குத் தைரியம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போட்டி பொருந்தாது. பேசிய எல்லோருக்கும் ஒரு பேனா கொடுங்கள், போதும்.

#11 கோத்தகிரி மேகம் | பிப்ரவரி 6

நீலகிரியில் படுகு பேசும் வீட்டுக்காரி நான். எங்கள் மொழிக்கு வழக்கில் உள்ள தனி எழுத்து இல்லை, தமிழ் எழுத்தில் எழுதுவோம். கணக்கெடுப்பில் எங்களைக் கன்னடத்துக்குக் கீழே சேர்த்துவிடுவார்கள். அந்தச் சண்டை தனியாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது கேட்பவர்களைப் பற்றி.

எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஒரு பையன் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் பேரகணி ஊருக்கு வெள்ளை உடுத்திப் போனதைப் படுகில் சொன்னான். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியும், அதனால் கேலி சிரிப்பு இல்லை, நடுவில் ஒருத்தி திருத்தம்கூடச் சொன்னாள். அடுத்து ஒரு தோடர் பெண் எழுந்தாள். பள்ளியிலேயே அந்த மொழி அவளுக்கு மட்டும்தான் தெரியும். மொத்தத் தோடர்களே சுமார் இரண்டாயிரம் பேர்தான். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தரையைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்கினாள். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். ஆனால் எனக்கு என்னவோ உறுத்தியது. அன்றைக்கு அவள் அம்மாவையாவது பாட்டியையாவது வரச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

உடையலங்காரமும் வேண்டாம் டீச்சர். நாடகக் கடையில் வாடகைக்கு எடுத்த 'பழங்குடி உடை' போட்டு விட்டீர்களென்றால் மொழி போய்விடும், போட்டோ மட்டும் மிஞ்சும்.

#12 ரூர்கேலா ரிட்டர்ன் | பிப்ரவரி 6

பெற்றோரை அழைப்பது சரி, ஆனால் கம்பெனியில் காலை எட்டரைக்கே ஷிப்ட் ஆரம்பித்துவிடும். ப்ரேயர் ஒன்பதுக்கு மேல்தானே? ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டால் கூலி போகும். இரண்டு நாள் முன்பே எழுத்தில் கொடுத்தால் சில சூப்பர்வைசர்கள் விடுவார்கள். பள்ளி லெட்டர்பேடில் கொடுங்கள்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு யோசனை. வரிக்கு வரி வேண்டாம், பிள்ளைக்குப் பேச்சு அறுந்துபோகும். பேசுவதற்கு முன்னால் வகுப்புத் தோழன் ஒருத்தன் தமிழில் இரண்டே வரி: "இவன் ஊருக்கு ரயிலில் போன கதை சொல்லப்போறான், வழியில் செருப்பு தொலைஞ்சுடும்." அது போதும். அப்புறம் செருப்பு எங்கே தொலைகிறது என்று கூட்டமே காத்திருக்கும்.

#13 பனியன்நகர் டீச்சர் | பிப்ரவரி 22

நேற்று நடந்து முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பி.டி. சார் தெலுங்கில் ஆரம்பித்தார். தன் அம்மா எப்படித் திட்டுவார் என்பதுதான் தலைப்பு. விசில் ஊதும் மனிதருக்கு வீட்டில் இப்படியா என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண், பெயரே கொடுக்காதவள், தானாக வந்து தெலுங்கில் இரண்டு நிமிடம் பேசினாள். அவளிடம் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வராதவர்களும் உண்டு, அவர்களை அழைக்கவும் இல்லை.

ஒடிசாப் பையன் ஒருத்தன் பகாளா பற்றிப் பேசினான். இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் தயிர், வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. அவனுடைய நண்பன் முன்னுரையில் அதைச் சொன்னதுமே "டேய், பழைய சோறுடா" என்று பின்வரிசையில் சத்தம். இன்னொருத்தன் தன்பாத் வண்டியில் ஊரிலிருந்து வந்ததைச் சொன்னான். கக்கூஸ் பக்கத்தில் பைமேல் உட்கார்ந்து வந்தது, விஜயவாடாவில் அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கியது, வண்டி நகர ஆரம்பித்தது. மைதிலிதான், எமிஸில் இந்தி என்று இருக்கிறது.

சந்தாலி பேசும் பையன் ஒருத்தன்தான். அப்பாவுக்குப் பெர்மிஷன் கிடைக்கவில்லை. #11 எழுதியது நினைவுக்கு வந்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கையைக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தேன். "ஜோஹார்" என்று வணக்கம் சொல்லி ஆரம்பித்தான். தங்கையைப் பார்த்துத்தான் பேசினான். ஓரிடத்தில் அவள் மட்டும் களுக்கென்று சிரித்தாள். ஏதோ நகைச்சுவை வந்துவிட்டது என்று புரிந்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் அந்த வரியை இன்னொரு தடவை சொன்னான்!

கொங்குத் தமிழில் பேசிய பெண்தான் எதிர்பாராத விதமாகத் திணறினாள். பேச ஆரம்பித்ததும் 'அவையோர்' வந்துவிட்டது. அம்மிணி, வீட்டில் எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு என்றேன். "டீச்சர், மைக் முன்னாடி அது வரமாட்டேங்குது" என்றாள். இதை நான் தனியாக யோசிக்க வேண்டும்.

#14 தாளமுத்து தெரு | பிப்ரவரி 22

யாரும் இந்தியில் பேசவில்லையா?

#15 பனியன்நகர் டீச்சர் | பிப்ரவரி 22

ஒரு பெண் பேசினாள். வீட்டில் நிஜமாகவே இந்திதான், அவளுடைய அப்பா அம்மா இருவரும் டெல்லியில் வளர்ந்தவர்கள். திருப்பூரில் அவளுக்குப் பிடித்த கடையைப் பற்றிப் பேசினாள். முடிவில் இரண்டு வரி தமிழிலும் சொன்னாள். திருப்பிவிடவா சொல்கிறீர்கள் ஐயா?

#16 தாளமுத்து தெரு | பிப்ரவரி 22

பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது. சரி. ஆனால் என் பதிவு அப்படியே இருக்கட்டும்.

#17 வட்டார நடுவர் | பிப்ரவரி 23

அந்தக் கொங்குத் தமிழ்ப் பெண் விஷயம் எனக்குப் புதிதில்லை. நாங்கள் நடுவர்களாக இருந்து செய்த வேலை அது. வட்டாரப் பேச்சு வந்தால் 'உச்சரிப்பு'க்கு இரண்டு மதிப்பெண் வெட்டு. மைக்கைக் கண்டாலே எழுத்துத் தமிழ் வருகிற மாதிரி பழக்கிவிட்டோம்.

#18 வடக்குத் தெரு | பிப்ரவரி 23

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி எழுதியதற்கு நன்றி டீச்சர். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

#19 பனியன்நகர் டீச்சர் | பிப்ரவரி 24

எச்.எம். இதை அடுத்த வருடம் வட்டார அளவில் போட்டியாக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். #10ஐப் படித்துக் காட்டினேன். இப்போதைக்கு வெள்ளிக்கிழமை ப்ரேயரில் 'இன்றைய சிந்தனை'க்குப் பதில் ஒரு பிள்ளை வீட்டுப் பேச்சில் பேசலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் ஜூன் சேர்க்கையில் தாய்மொழிக் கட்டத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். "உங்க தாய்மொழி என்ன" என்று கேட்டால் எல்லோரும் இந்தி என்கிறார்கள். #4 சார், வேறு எப்படிக் கேட்பது?

#20 ரூர்கேலா ரிட்டர்ன் | பிப்ரவரி 24

"ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவிடம் போனில் என்ன பேச்சு பேசுவீர்கள்" என்று கேளுங்கள். அப்பாவிடம் மட்டும் கேட்காதீர்கள், கூட வந்திருக்கும் பிள்ளையின் அம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் இரண்டையும் வகுப்பு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் ஒன்றுதான் ஏறும், வெள்ளிக்கிழமை ப்ரேயருக்கு இரண்டும் உதவும்.